ஆசிரியருக்கு முதலில் நேரம் கொடுங்கள்

கல்லூரி ஆசிரியர்களுக்கான நலத்திட்டங்களுக்கு இன்று பஞ்சமில்லை. பழைய மனிதவள மேம்பாட்டு மையங்களை மாற்றியமைத்து, 2023 செப்டம்பரில் 111 மையங்களோடு மாளவியா ஆசிரியர் பயிற்சித் திட்டத்தை மத்திய அரசு தொடங்கியது. 3 ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய் ஒதுக்கி, சுமார் 13,000 ஆய்விதழ்களை அரசு உயர்கல்வி நிறுவனங்கள் அனைத்துக்கும் திறந்துவிடும் ‘ஒரே நாடு ஒரே சந்தா’ 2025 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. ஐ.ஐ.டி. நூலகத்தில் மட்டுமே கிடைத்த ஆய்விதழ் தருமபுரி அரசுக் கல்லூரியிலும் கிடைப்பது எளிய காரியமல்ல; அதை மனமார வரவேற்க வேண்டும். ஆனால், திறந்த இதழைப் படிக்கவும், பயிற்சியில் கற்றதை வகுப்பில் செய்துபார்க்கவும் ஆசிரியருக்கு ஓய்வான நேரம் வேண்டும். பல்கலைக்கழக நிர்வாகங்கள் எதையெதையோ கொடுத்துவிட்டு, அந்த ஒன்றை மட்டும் பறித்துக்கொண்டிருக்கின்றன.

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிமுறை தெளிவாகவே இருக்கிறது. வாரத்துக்கு 40 மணிநேரப் பணி. அதில் உதவிப் பேராசிரியருக்கு 16 மணிநேரமும், இணைப் பேராசிரியருக்கும் பேராசிரியருக்கும் 14 மணிநேரமும் நேரடி வகுப்பு. மீதி நேரம் பாடத் தயாரிப்புக்கும் விடைத்தாள் திருத்தத்துக்கும் ஆய்வுக்கும், சந்தேகம் கேட்டு வரும் மாணவரோடு உட்கார்ந்து பேசுவதற்கும் உரியது. நடப்பில் அந்த நேரம் எங்கே போகிறது? ‘நாக்’ தர மதிப்பீட்டுக்கான சுய ஆய்வறிக்கை, தேசியத் தரவரிசைக்கான தரவுகள், உள்தர உறுதி மையத்தின் ஆண்டறிக்கை, சேர்க்கைப் பணி, உதவித்தொகைப் பட்டியல் என்று வரிசை நீள்கிறது. துறையில் எத்தனை மாணவர்கள், எத்தனை கட்டுரைகள், எத்தனை கருத்தரங்குகள் என்ற ஒரே விவரத்தை ஒவ்வோர் அமைப்பும் தன் தன் படிவத்தில் கேட்கிறது. ஓய்வுபெற்ற தட்டச்சரின் இடமும் ஆய்வக உதவியாளரின் இடமும் பல கல்லூரிகளில் நிரப்பப்படாததால், அந்த வேலையும் ஆசிரியரின் மேசைக்கே வந்து சேர்கிறது. பதவி உயர்வுக்குக் கட்டாயமான புத்தாக்கப் பயிற்சியைக்கூட, வகுப்புக்கும் படிவத்துக்கும் நடுவே இணையவழியில் ஒப்பேற்ற வேண்டிய நிலை. அப்படி முடித்த பயிற்சியால் மாணவருக்கு என்ன கிடைக்கும்?

கணக்குக் கேட்காவிட்டால் ஆசிரியர்கள் வேலை செய்ய மாட்டார்கள் என்பது நிர்வாகத் தரப்பின் வாதம். மக்கள் வரிப்பணத்தில் ஊதியம் பெறுபவர் கணக்குச் சொல்லத்தான் வேண்டும். அதில் இரண்டாம் பேச்சில்லை. ஆனால், புள்ளிக் கணக்கு எங்கே கொண்டுபோய் விட்டது என்பதை நாம் கண்ணாரக் கண்டிருக்கிறோம். 2010-இல் வந்த கல்விச் செயல்திறன் புள்ளி முறை, கட்டுரைக்கு இத்தனை, கருத்தரங்குக்கு இத்தனை என்று எண்ணத் தொடங்கியது. பணம் வாங்கிக்கொண்டு எதையும் அச்சிடும் இதழ்கள் அந்தத் தேவையைத் தின்று கொழுத்தன. 2018 மே மாதத்தில் மானியக் குழு தன் அங்கீகாரப் பட்டியலிலிருந்தே 4,305 இதழ்களை நீக்க நேர்ந்தது. அதன்பின் வந்த ‘கேர்’ இதழ்ப் பட்டியலும் 2025 பிப்ரவரியில் கைவிடப்பட்டது. எண்ணிக்கையைக் கேட்டார்கள், எண்ணிக்கை வந்தது, ஆய்வு வரவில்லை. ஓர் ஆசிரியர் நன்றாகப் பாடம் நடத்துகிறாரா என்பதை அவர் வகுப்பில் படித்தவர்களும் அதே துறையில் ஊறிய சக அறிஞர்களும் சொல்ல முடியும். அந்த மதிப்பீடு படிவத்தைவிடக் கடினமானது, ஆனால் நேர்மையானது.

அடுத்து எழும் கேள்வி பணம். வருமான வரி நிலுவைக்காக 2024-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் வங்கிக் கணக்குகளே முடக்கப்பட்ட மாநிலத்தில், இந்தக் கேள்வியை ஒதுக்கிவிட முடியாது. ஆனால், சிக்கனத்தின் பாரம் யார் தலையில் விழுந்திருக்கிறது? நிரந்தரப் பணியிடங்களை ஆண்டுக்கணக்கில் காலியாக விட்டு, தமிழக அரசுக் கலைக் கல்லூரிகளின் வகுப்புகளைக் கௌரவ விரிவுரையாளர்களைக் கொண்டு ஓட்டுகிறோம். மாதம் 50,000 ரூபாய் வரை தரலாம் என்று மானியக் குழு 2019-இல் வகுத்திருக்க, இவர்களுக்கு 25,000 ரூபாய், அதுவும் ஆண்டில் 11 மாதங்களுக்குத்தான். குஜராத்தில் 30,000 ரூபாய் பெற்றுவந்த ஒப்பந்த உதவிப் பேராசிரியர்களுக்கு, நிரந்தர ஆசிரியரின் குறைந்தபட்ச ஊதிய விகிதத்தைத் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2025 ஆகஸ்டில் தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பின் நியாயம் மாநில எல்லையோடு நின்றுவிடாது. அடுத்த ஆண்டு வேலை இருக்குமா என்று தெரியாதவரிடம் ஐந்தாண்டு ஆய்வுத் திட்டத்தை எதிர்பார்ப்பது அநியாயம். அவருக்காகப் பயிற்சி மையம் திறப்பதைவிட, அவர் இடத்தை நிரந்தரமாக்குவதே ஆசிரியர் மேம்பாடு.

பணியிடங்களை நிரப்ப அரசுக்கு நிதியும் மனமும் வேண்டும். அதற்குக் காலம் பிடிக்கலாம். அதுவரை காத்திருக்கத் தேவையில்லாதவையும் இருக்கின்றன. ஒரு விவரத்தை ஆண்டுக்கு ஒருமுறை மட்டுமே ஆசிரியரிடம் கேட்பது, தர மதிப்பீட்டு அறிக்கைகளைத் தயாரிக்கத் தனி அலுவலர்களை அமர்த்துவது, பயிற்சிக்குச் செல்பவரை அந்த நாட்களில் வகுப்பிலிருந்து விடுவிப்பது, ஆய்வு நிதியிலும் ஆய்விதழ்களைப் பயன்படுத்தும் உரிமையிலும் கௌரவ விரிவுரையாளர்களைச் சேர்ப்பது ஆகியவற்றைச் பல்கலைக்கழக ஆட்சிக்குழுவான சிண்டிகேட்டின் ஒரே அமர்வில் முடிவு செய்துவிடலாம். எந்தப் புதிய திட்டத்தையும் அங்கே வைக்கும்போது, அது ஆசிரியரின் வாரத்தில் எத்தனை மணிநேரத்தை எடுத்துக்கொள்ளும், எத்தனை மணிநேரத்தைத் திருப்பித் தரும் என்ற குறிப்பும் இணைக்கப்பட வேண்டும். வரும் கல்வியாண்டுக்கான பணிப்பங்கீடு முடிவாகும் முன்பே இது நடக்க வேண்டும்.