காசு இருந்தா சுப்பர் மார்க்கெட், இல்லாட்டி காக்கா கடையா?

கொஞ்சம் நீளமான பதிவு. ஆறுதலாக வாசியுங்கள்.

"சாமான் எங்க மலிவு?" என்ற கேள்வி நம்ம ஊர் வட்ஸ்அப் குழுக்களில் கிழமைக்கு ஒரு தடவையாவது வருகிறது. ஒருவர் சதொச என்பார், இன்னொருவர் டவுன் சுப்பர் மார்க்கெட் என்பார், மூன்றாமவர் "எல்லாரும் கள்ளன்தான்" என்று முடித்துவிடுவார். எங்கள் வீட்டிலும் இதே தர்க்கம்தான். அதனால் நாலு கிழமை ஒரு கொப்பியில் எழுதிப் பார்த்தோம். பருப்பு, சீனி, மா, பால்மா, டின்மீன், பெரிய வெங்காயம், உருளைக்கிழங்கு, முட்டை, கோழி, தேயிலை, சவர்க்காரம், பிஸ்கட் என்று ஒரே 12 சாமான். சதொச, டவுன் சுப்பர் மார்க்கெட், நம்ம சந்தியில் உள்ள காக்கா கடை என்று மூன்று இடம். அரிசியையும் மீனையும் சேர்க்கவில்லை. அரிசியை ஆலையில் மூட்டையாக எடுக்கிறோம். கடற்கரை ஊரில் இருந்துகொண்டு ஐஸ் பெட்டி மீன் வாங்க மனம் வரவில்லை.

முதலில் தெரிந்த விஷயம், பால்மா, சவர்க்காரம், பிஸ்கட் போல விலை அச்சடித்து வரும் சாமான்களுக்கு நாம் அலைவதில் பெரிய பிரயோசனம் இல்லை என்பது. அச்சடித்த விலைக்கு மேல் விற்பது எங்கேயும் குற்றம். கழிவு நாட்களில் மட்டும் சுப்பர் மார்க்கெட்டில் கொஞ்சம் குறையும். பருப்பு, சீனி, டின்மீனுக்கு சதொசதான் முன்னுக்கு நின்றது. ஆனால் போன நேரமெல்லாம் எல்லாம் இருக்கவில்லை. மரக்கறிக்கு மூன்றுமே இல்லை, சந்தைதான். தம்புள்ளையில் இருந்து விடியற்காலை லொறி வந்து இறங்கும் நாளில் போனால் தரமும் நல்லம், விலையும் நல்லம்.

சுப்பர் மார்க்கெட்டின் நல்லதையும் சொல்லத்தான் வேண்டும். திகதி முடிந்த சாமான் ராக்கையில் கிடப்பது குறைவு. தயிர், பட்டர், குளிரூட்டிய கோழி போன்றவற்றுக்கு அவர்களின் குளிர்பெட்டியை நம்பலாம். பக்கட்டில் ஹலால் இலச்சினை இருக்கிறதா என்று நின்று நிதானமாகப் பார்க்கலாம், யாரும் முறைக்க மாட்டார்கள். பில் கையில் வரும்.

ஆனால் பில் வந்தால் மட்டும் போதாது, அதை வாசிக்க வேண்டும். ஒரு கடையில் ராக்கையில் ஒட்டியிருந்த விலை ஒன்று, பில்லில் விழுந்த விலை இன்னொன்று. 40 ரூபாய் வித்தியாசம். கண்டுபிடித்தது நாங்கள் இல்லை, தரம் 5 படிக்கும் எங்கள் மகள். சொன்னதும் மன்னிப்புக் கேட்டுக் காசைத் திருப்பித் தந்தார்கள். "பழைய லேபல் மிஸ்" என்றார்கள். இருக்கலாம். எங்களுக்குப் பின்னால் வரிசையில் நின்ற எத்தனை பேர் பில்லை வாசித்தார்கள்?

இன்னொன்று பக்கட்டின் அளவு. 400 கிராம் பக்கட் 300 ரூபாய், 250 கிராம் பக்கட் 200 ரூபாய் என்றால் கை தானாகவே 200 ரூபாய்ப் பக்கட்டுக்குத்தான் போகும். கிலோவுக்குக் கணக்குப் பார்த்தால் முதலாவது 750, இரண்டாவது 800. வகுப்பில் விகிதம் படிப்பிக்கிற நாங்களே கடையில் அதை மறந்துவிடுகிறோம். அதோடு ஓட்டோக் கூலி. 150 ரூபாய் மிச்சம் பிடிக்க 400 ரூபாய் ஓட்டோவுக்குக் கொடுத்த ஒரு கிழமையும் எங்கள் கொப்பியில் இருக்கிறது. ஐந்து சாமான் வாங்கப் போய்ப் பதினொரு சாமானோடு வந்த கதையை இங்கே எழுதவில்லை, வீட்டில் சமாதானம் வேண்டும்.

இனித்தான் சொல்ல வந்த விஷயம்.

காக்கா கடையில் பெரும்பாலும் 5, 10 ரூபாய் கூடத்தான் விழுந்தது. அதை மறைக்கவில்லை. ஆனால் நாலு கிழமையில் மூன்றாம் கிழமை, சம்பளம் வர இன்னும் எட்டு நாள் இருக்கும்போது, நாங்கள் எங்கே போனோம்? காக்கா கடைக்கு. அவர் ஒன்றும் கேட்கவில்லை, கடன் கொப்பியை எடுத்து எழுதினார். காசு கையில் இருந்த முதலாம் கிழமை அவருடைய கடையைத் தாண்டித்தான் டவுனுக்குப் போனோம், பெரிய பையைத் தூக்கிக்கொண்டு அவர் கண்ணுக்கு முன்னாலேதான் திரும்பி வந்தோம். எழுதும்போதே வெட்கமாக இருக்கிறது. இது எங்கள் வீட்டுக் கதை மட்டும் இல்லை என்பது ஊரில் எல்லாருக்கும் தெரியும்.

2022 ஐ மறந்துவிட்டோமா? அந்த செப்டம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதம். பால்மாவுக்கு வரிசை, கேஸுக்கு வரிசை. அந்த நாட்களில் 100 கிராம் பருப்பைக்கூட நிறுத்துக் கொடுத்து, "பிறகு தாங்க" என்று சொன்னது எந்தக் கடை? கணினி பில் போடும் கடையில் "பிறகு தாறேன்" என்று சொல்ல முடியாது. அது அவர்களின் பிழை இல்லை, அவர்களின் வியாபாரம் அப்படி. ஆனால் கொப்பியில் எழுதித் தந்தவருக்கு வட்டியில்லாத கடனை மட்டும் விட்டுவிட்டு, காசு வியாபாரத்தை முழுக்க வேறு இடத்துக்குக் கொடுத்தால் அவர் எவ்வளவு காலம் தாக்குப் பிடிப்பார்? அவர் கதவை மூடினால் மூன்றாம் கிழமை நாம் யாரிடம் போவது?

அதற்காக எல்லாவற்றையும் அவரிடமே வாங்குங்கள் என்று சொல்லவில்லை. எங்களால் அது முடியாது, ஆசிரியர் சம்பளத்தில் 10 ரூபாயும் 10 ரூபாய்தான். நாங்கள் முடிவெடுத்தது இதுதான்: பருப்பும் சீனியும் மாதத்துக்கு ஒரு தடவை சதொசயில், பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில், தனி ஓட்டோ இல்லாமல். குளிர் சாமான் டவுனில். விலை அச்சடித்த சாமான் அத்தனையும், பால்மா முதல் சவர்க்காரம் வரை, காக்காவிடம், கைக்காசுக்கு. எங்கும் ஒரே விலைதானே, அந்த இலாபம் நம்ம சந்தியில் நிற்கட்டும்.

காக்காமாருக்கும் ஒரு வேண்டுகோள். கோபிக்க வேண்டாம். விலைப் பட்டியலைத் தொங்கவிடுங்கள், கேட்டால் பில் கொடுங்கள். இரண்டும் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தில் உள்ளவைதான். தராசை ஆளுக்குத் தெரியும் பக்கம் திருப்பி வையுங்கள். கரண்ட் போய் வந்த பிறகு பெட்டிக்குள் இருக்கும் கோழியைப் பற்றி உண்மையைச் சொல்லுங்கள். ஆட்கள் டவுனுக்குப் போவது விலைக்கு மட்டும் இல்லை, "இங்க கேட்டா ஏசுவாரோ" என்ற பயத்துக்கும்தான்.

எங்கள் பக்கம் கொப்பியில் 3,260 ரூபாய் நிற்கிறது. சம்பளம் வந்த அன்றைக்கு டவுனுக்குப் போகும் முன் அதைக் கொடுத்துவிட்டுப் போவோம், இன்ஷா அல்லாஹ். உங்கள் பக்கத்தில் எவ்வளவு நிற்கிறது என்று கமென்ட்டில் எழுத வேண்டாம். காக்காவிடம் போய்க் கேளுங்கள்.