பொருத்தமற்ற தலைப்பு எது?

‘இதெல்லாம் சோறு போடுமா?’ கல்லூரி விழா மேடைகளில் ஆண்டுதோறும் கேட்கும் கேள்வி இது. கல்வெட்டு படிக்கிற மாணவியும் நாட்டார் கதை சேகரிக்கிற மாணவனும் எதிரே உட்கார்ந்திருக்க, சிறப்பு விருந்தினர் ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு இதைக் கேட்பார். கைத்தட்டலும் கிடைக்கும். பல்கலைக்கழகம் எல்லாவற்றையும் ஆராய வேண்டியதில்லை, நாட்டுக்கு இப்போது எது வேண்டுமோ அதை மட்டும் ஆராய்ந்தால் போதும் என்பதுதான் அந்தக் கேள்விக்குள் இருக்கும் வாதம்.

மேடையோடு நின்றிருந்தால் அதைக் காதில் வாங்காமல் விட்டிருக்கலாம். 2019 மார்ச்சில் அது சுற்றறிக்கையாகவே வந்தது. பொருத்தமற்ற தலைப்புகளில் முனைவர் பட்ட ஆய்வை ஊக்குவிக்கக் கூடாது, தேசிய முன்னுரிமைக்கு ஏற்ற தலைப்புகளைத் துறைகள் பட்டியலிட வேண்டும் என்று கேரள மத்தியப் பல்கலைக்கழகம் தன் துறைகளுக்கு எழுதியது. அதற்கு முந்தைய டிசம்பரில் மத்தியப் பல்கலைக்கழகத் துணைவேந்தர்கள் கூடிய கூட்டத்தைக் காரணம் காட்டியது. அங்கே ஆங்கிலம், ஒப்பிலக்கியப் பாடத்திட்டக் குழுவில் உறுப்பினராக இருந்த பேராசிரியர் மீனா டி. பிள்ளை இதை ஏற்காமல் குழுவிலிருந்து விலகினார். சுற்றறிக்கை பலருக்கு மறந்துபோயிருக்கலாம். ‘பொருத்தமற்ற தலைப்பு’ என்ற எண்ணம் மட்டும் துறைத்தலைவர் அறைகளில் தங்கிவிட்டது.

அந்த எண்ணத்தை உரசிப் பார்க்கச் சேலத்துக்கு மேலே நிற்கும் சேர்வராயன் மலையே போதும்.

முதல் வாதம்: எந்த ஆராய்ச்சி பயன்படும், எது பயன்படாது என்பது தொடங்கும்போதே தெரிந்துவிடும். மற்ற வாதங்களெல்லாம் இதன்மேல்தான் நிற்கின்றன. இது சரிந்தால் அவையும் சரியும்.

பின்னாளில் இந்த மலையில் குடியேறிய ராபர்ட் புரூஸ் ஃபூட், 1858-ல் இளைஞராக இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் வேலைக்குச் சேர்ந்தார். தென்னிந்தியாவின் பாறைகளை வரைபடமாக்குவது அவருக்கு இட்ட வேலை. எங்கே என்ன கனிமம் கிடைக்கும் என்று அரசுக்குத் தெரிய வேண்டும், அதற்குத்தான் சம்பளம். 1863 மே 30 அன்று சென்னையை அடுத்த பல்லாவரத்தில் சரளைக்கல் குழி ஒன்றில் அவர் கையில் ஒரு கல் அகப்பட்டது. செதுக்கிய கல். ஆற்று நீர் உருட்டியதும் அல்ல, வெயிலில் வெடித்ததும் அல்ல, மனிதக் கை தட்டி உருவாக்கியது என்பதை அவர் கண்டுகொண்டார். இந்தியாவில் பழைய கற்காலக் கருவி என்று அடையாளம் காணப்பட்ட முதல் கல் அதுதான். அதே ஆண்டில் வில்லியம் கிங் என்ற சக நிலவியலாளரோடு கொசஸ்தலை ஆற்றுப் படுகையில் அத்திரம்பாக்கத்தையும் கண்டுபிடித்தார்.

அந்தக் கல்லை அவரால் எப்படிப் படிக்க முடிந்தது? பாறை அறிவு மட்டும் போதாது. சரளையில் ஆயிரம் கல் கிடக்கும். பாறை அறிந்தவர் அதைக் குவார்ட்சைட் என்று குறித்துவிட்டு நடந்திருப்பார். அதற்கு நான்கு ஆண்டு முன்பு, 1859-ல், பிரான்சின் சோம் ஆற்றுப் படுகையில் கிடைத்த கற்கோடரிகள் மனிதன் செய்தவைதான் என்று ஆங்கில அறிஞர்கள் நேரில் போய்ப் பார்த்து உறுதி செய்திருந்தார்கள். மனிதன் எவ்வளவு பழையவன் என்ற அந்த விவாதம் ஃபூட்டின் காதிலும் விழுந்திருந்தது. கனிமத் தேடலுக்கும் அந்த விவாதத்துக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ‘முன்னுரிமைத் தலைப்புகள்’ பட்டியல் அன்று இருந்திருந்தால், அது நிச்சயமாகப் பட்டியலுக்கு வெளியேதான் நின்றிருக்கும்.

ஃபூட்டின் மாமனார் பீட்டர் பெர்சிவல் பாதிரியார். யாழ்ப்பாணத்தில் பள்ளி நடத்தி, ஆறுமுக நாவலரின் துணையோடு விவிலியத்தைத் தமிழாக்கியவர். பிறகு சென்னைக்கு வந்து, ‘தினவர்த்தமானி’ இதழை நடத்தி, மாநிலக் கல்லூரியில் பேராசிரியராக இருந்தார். அவருக்கு ஒரு பித்து உண்டு. தமிழர் வாயில் புழங்கும் பழமொழிகளைக் கேட்டு எழுதிக்கொண்டே இருந்தார். 1842-ல் யாழ்ப்பாணத்தில் முதல் தொகுப்பு; 1874-ல் சென்னையில் வந்த தொகுப்பில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட பழமொழிகள். சந்தையிலும் வயலிலும் திண்ணையிலும் பேசியவற்றை அச்சில் ஏற்றியவர்களில் அவர் முன்னவர்.

மாமனார் பழமொழி சேர்த்தார், மருமகன் கற்கோடரி சேர்த்தார். இருவர் கதையும் சேர்வராயன் மலைமேல் உள்ள ஏற்காட்டில்தான் முடிகிறது. பெர்சிவல் 1882-ல் ஏற்காட்டில் இறந்தார். ஃபூட் தம் இறுதிக் காலத்தில் ஏற்காட்டில் குடியிருந்தார். 1912 டிசம்பரில் கல்கத்தாவில் இறந்தபோது, அவருடைய சாம்பல் ஏற்காட்டு ஹோலி டிரினிட்டி தேவாலயத்துக்கு வந்து சேர்ந்தது. படகுத் துறைக்கும் லேடீஸ் சீட்டுக்கும் வண்டியைத் திருப்புகிற ஓட்டுநர்கள் இந்த இடத்தைக் காட்டுவதில்லை. சேலத்துக் கல்லூரிகள் இங்கே மாணவர்களை அழைத்து வந்து காட்ட வேண்டும்.

ஃபூட்டின் கல் சோறு போட்டதா என்று கேட்கலாம். அவர் ஆயுள் முழுதும் திரட்டிய கருவிகள் 1904-ல் சென்னை அருங்காட்சியகத்துக்குப் போயின. சேர்வராயன் மலையில் கிடைத்த, வழவழப்பாகத் தேய்த்த புதிய கற்காலக் கோடரிகளும் அவற்றில் உண்டு. அந்தக் கருவிகளின் பட்டியல்தான் பின்னால் வந்தவர்களுக்கு வழிகாட்டி. அத்திரம்பாக்கத்தைச் சாந்தி பப்புவும் அவருடைய குழுவினரும் 1999 முதல் மீண்டும் தோண்டினார்கள். விண்கதிர் பட்டுக் கல்லுக்குள் உண்டாகும் அலுமினியம்-26, பெரிலியம்-10 அணுக்களை எண்ணி, அங்கே கிடைத்த கோடரிகள் ஏறத்தாழ 15 லட்சம் ஆண்டு பழையவை என்று 2011-ல் ‘சயின்ஸ்’ இதழில் எழுதினார்கள். 2018-ல் ‘நேச்சர்’ இதழில் வந்த அடுத்த கட்டுரை, அங்கே சுமார் 3,85,000 ஆண்டுக்கு முன்பே கருவி செய்யும் முறை மாறிவிட்டது என்று காட்டியது. மனித குலம் ஆப்பிரிக்காவிலிருந்து எப்போது, எப்படிப் பரவியது என்று உலகம் முழுதும் நடக்கும் விவாதத்தில் திருவள்ளூர் மாவட்டத்துக் கிராமம் ஒன்றின் பெயர் அடிபடுகிறது. அணு இயற்பியல், மண்ணியல், தொல்லியல், அருங்காட்சியகப் பட்டியலைப் பொறுமையாகப் படிக்கும் வரலாற்று அறிவு ஆகிய எல்லாம் அந்த ஒரு குழிக்குள் இறங்கியதால் வந்த விடை இது. எதை விலக்கியிருந்தால் பணம் மிச்சமாகியிருக்கும் என்று சுற்றறிக்கை எழுதுபவர்கள் சொல்லட்டும்.

இரண்டாவது வாதம்: அறிவியலும் கலைப்புலமும் வெவ்வேறு உலகம், ஒன்றுக்கு மற்றது தேவையில்லை. சேர்வராயன் மலையே என்ன கல்லால் ஆனது என்று பார்க்கலாம். அதன் பெயர் சார்னோக்கைட். கல்கத்தாவின் தொடக்க காலத்தோடு சேர்த்துப் பேசப்படும் ஜாப் சார்னாக் என்ற கம்பெனி வணிகரின் சமாதிக் கல் சென்னைப் பக்கத்திலிருந்து போனது. அந்தக் கல்லறைக் கல்லைப் பார்த்துத்தான் தாமஸ் ஹாலண்ட் என்ற நிலவியலாளர் 1893-ல் இந்தப் பாறைக்குப் பெயர் வைத்தார். உலகெங்கும் நிலவியல் மாணவர்கள் மனப்பாடம் செய்கிற ஒரு பாறைப் பெயர், தேவாலய வளாகத்துக் கல்லறையிலிருந்து பிறந்தது.

இந்தக் கல்தான் மழையிலும் வெயிலிலும் இற்று, சிலிக்கா கரைந்தோடி, மலையுச்சியில் பாக்சைட்டாக மிஞ்சியது. மேட்டூர் அலுமினிய ஆலைக்கு மண் போனது இந்த மலையிலிருந்து. ‘பயன்’ என்றால் அதுதான் என்பவர்கள், 1997-ல் வந்த ஓர் ஆய்வையும் பார்க்க வேண்டும். ஹார்லோவ், ஹான்சென், சிகாகோ பல்கலைக்கழகத்தின் நியூட்டன், மைசூர் பல்கலைக்கழகத்தின் ஜனார்த்தன் ஆகியோர் சேர்வராயன் மலைப் பாறையில் உள்ள ஆக்சைடு, சல்பைடு கனிமங்களை நுணுகிப் பார்த்தார்கள். ஏறத்தாழ 250 கோடி ஆண்டுக்கு முன்பு, பூமியின் ஆழத்தில் இந்தப் பாறை வெந்தபோது எந்தத் திரவம் அதனூடே பாய்ந்தது, ருபீடியம் ஏன் இவ்வளவு குறைந்துபோனது என்பதே கேள்வி. ஒரு கிலோ அலுமினியமும் அதில் வரவில்லை. கண்டங்கள் எப்படி உறைந்தன என்ற விடைக்கு அருகே உலகம் ஓர் அடி நகர்ந்தது. இதைப் ‘பொருத்தமற்றது’ என்று நிறுத்தினால், அறிவியலையும் சேர்த்தே நிறுத்த வேண்டியிருக்கும். சோற்றுக் கேள்வி கலைப்புலத்தோடு ஒருநாளும் நிற்காது. கணிதத்தையும் வானியலையும் பிறகு விழுங்கும்.

பரப்பு கூடினால் ஆழம் குறையும், நுனிப்புல் மேய்ச்சல் ஆகிவிடும் என்பது இன்னொரு வாதம். ஒருவரே எல்லாவற்றையும் படிக்க வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. ஒரே வளாகத்தில் எல்லாத் துறையும் உயிரோடு இருக்க வேண்டும் என்பதுதான் கேட்கப்படுகிறது.

பணம் பற்றிய வாதம் இதைவிடப் பலவீனமானது. 2023-ல் சட்டமான அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளைக்கு ஐந்து ஆண்டில் ரூ.50,000 கோடி என்று அறிவித்தார்கள். மனிதவியலும் சமூக அறிவியலும் அந்தச் சட்டத்துக்குள் வருவது அறிவியல், தொழில்நுட்பத்தோடு தொட்டுக்கொள்ளும் ஓரத்தில் மட்டும். கல்வெட்டுப் படியெடுக்கக் காகிதமும் மையும் பேருந்துக் கட்டணமும் போதும். நாட்டின் ஆராய்ச்சிப் பணத்தைக் கலைப்புலத்தார் தின்றுவிட்டார்கள் என்பது அநியாயமான குற்றச்சாட்டு.

‘முன்னேறிய நாடுகள் இப்படியெல்லாம் வீணடிப்பதில்லை’ என்பார்கள். அவர்கள் விரும்பிக் காட்டும் ஜப்பானையே எடுத்துக்கொள்வோம். 2015 ஜூனில் அந்நாட்டுக் கல்வி அமைச்சர், மனிதவியல், சமூக அறிவியல் துறைகளை மூடவோ, சமூகத் தேவைக்கு ஏற்றவையாக மாற்றவோ முனையுமாறு தேசியப் பல்கலைக்கழகங்களுக்குக் கடிதம் எழுதினார். செப்டம்பரில் அதை மறுத்து அறிக்கை விட்டவர்களில் ஜப்பானின் பெருந்தொழில் நிறுவனங்களின் கூட்டமைப்பான கெய்தான்ரெனும் ஒன்று. உடனே வேலைக்கு ஆகிற பட்டதாரி மட்டும் எங்களுக்குப் போதாது, இரண்டு பக்கமும் தெரிந்தவர்கள் வேண்டும் என்றார்கள், சம்பளம் கொடுக்கும் முதலாளிகள். எம்.ஐ.டி. 1950-லேயே மனிதவியலுக்கெனத் தனிப் புலம் அமைத்துவிட்டது.

இனி, ஏற்காட்டுக்குப் பக்கத்துக் கிராமங்களில் வாழும் மலையாளிப் பழங்குடியினர். பெயரைப் பார்த்துக் கேரளத்தை நினைக்க வேண்டாம். மலையில் வாழ்பவர்கள், தமிழ் பேசுபவர்கள். காஞ்சிபுரத்திலிருந்து மூன்று அண்ணன் தம்பிகள் மலையேறி வந்தார்கள், வெவ்வேறு மலைகளில் குடியேறினார்கள் என்ற அவர்களுடைய கதையை இனவரைவியலாளர் தர்ஸ்டன் 1909-ல் பதிவு செய்திருக்கிறார். அவர்களுடைய மருந்துச் செடிகளை ஆராயத் தாவரவியல் மாணவர்கள் போகிறார்கள். சுற்றறிக்கைக்காரர்களும் மெச்சுகிற ஆய்வு அது. ஆனால் செடியைக் காட்டும் கிழவர் சொல்வது அவருடைய பேச்சுத் தமிழில். அவர் சொல்லும் பெயர் சமவெளியில் வேறு செடிக்கு வழங்கலாம். எந்த நோய்க்கு என்று அவர் சொல்லும் சொல் மருத்துவ அகராதியில் இல்லாமல் போகலாம். வட்டார வழக்கை ஆராய்ந்த மொழியியலாளர் கூட இல்லாவிட்டால், ஆய்வேட்டில் தவறான செடியின் பெயர் ஏறும். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட சொற்களைத் தொகுத்தபோது, செடிகொடிகளின் பெயர்களுக்கு இலத்தீன் தாவரப் பெயரையும் தந்தது. அகராதி செய்தவர்களுக்குத் தாவரவியல் வேண்டியிருந்தது.

கடைசியாக, ‘அதெல்லாம் வெள்ளைக்காரர் காலத்து ஓய்வுநேரப் படிப்பு, இன்று காலம் மாறிவிட்டது’ என்பார்கள். சேலத்துக்கு வடக்கே கிருஷ்ணகிரி மாவட்டத்தில் மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 2172 என்று 2022-ல் சட்டமன்றத்தில் அறிவிக்கப்பட்டது. அந்த ஆண்டுக் கணக்கைத் தந்தது கரிமக் காலக்கணிப்பு ஆய்வகம். எங்கே தோண்டுவது என்று காட்டியவர்கள் தொல்லியலாளர்கள்.

சேலம், தர்மபுரி, ஜவ்வாது மலைப் பகுதிகளில் புதிய கற்காலக் கோடரிகளை மரத்தடியிலும் சிறு கோயில்களிலும் நட்டு, பிள்ளையார் என்று ஊர்மக்கள் கும்பிடுவதுண்டு. உழும்போது கிடைத்த கல், வழவழப்பாக இருந்தது, சாமியாயிற்று. நிலவியல் மட்டும் படித்தவர் அங்கே போனால் கல்லின் வகையைச் சொல்வார். சமயவியல் மட்டும் படித்தவர் வழிபாட்டைக் குறித்துக்கொள்வார். எந்த நிலத்தில், எந்தத் தலைமுறையில், எவ்வளவு ஆழத்தில் அது கிடைத்தது என்று பூசாரியிடம் உட்கார்ந்து கேட்க, இரண்டும் தெரிந்த ஒருவர் வேண்டும். சேலத்தில் 1997-ல் தொடங்கிய பெரியார் பல்கலைக்கழகத்துக்குச் சேர்வராயன் மலை கூப்பிடு தூரம். நிலவியல் மாணவரும் தமிழ் மாணவரும் ஒரே வண்டியில் ஏறினால், அன்று மாலைக்குள் அந்தப் பூசாரி முன் உட்கார்ந்துவிடலாம்.