பயணம் எதை விட்டுச் செல்கிறது?

வீட்டைப் பூட்டிவிட்டு, ஓராண்டோ ஈராண்டோ உலகைச் சுற்றிவரப் புறப்படும் குடும்பங்கள் பல நாடுகளிலும் உள்ளன. பெற்றோரும் பிள்ளைகளும் ஒன்றாகக் கண்டம் விட்டுக் கண்டம் செல்கின்றனர். காட்டு யானையையும் கடலாமையையும் அவற்றின் வாழிடத்திலேயே காண்கின்றனர். சில ஊர்களில் தங்கித் தொண்டும் செய்கின்றனர். இவ்வாழ்க்கை சிலருக்குப் பெருங்கனவாகத் தோன்றுகிறது. வேறு சிலருக்கோ பொருளையும் படிப்பையும் வீணாக்கும் செயலாகத் தோன்றுகிறது. இவ்விரு கருத்துகளும் முழுமையானவை அல்ல. கடந்த தொலைவைக் கொண்டு ஒரு பயணத்தை மதிப்பிட இயலாது. சென்ற இடத்துக்கு அப்பயணத்தால் விளைந்த நன்மையே அதன் மதிப்பு.

உலகப் பயணம் செல்வர்க்கு மட்டுமே உரியது என்பர். கேரளத்தின் கொச்சி நகரில் சிறிய தேநீர்க்கடை நடத்திய விஜயன், மோகனா இணையர் அக்கருத்தைப் பொய்யாக்கினர். நாள்தோறும் 300 ரூபாய் சேமித்தும், கடன் பெற்றும், அக்கடனை உழைத்து அடைத்தும் 25க்கும் மேற்பட்ட நாடுகளை அவர்கள் கண்டனர். விஜயன் 2021 நவம்பரில் மறைந்தார். உலகைக் காணும் ஆவலுக்குப் பெருஞ்செல்வம் கட்டாயமில்லை என்பதற்கு அவர்களின் வாழ்வே சான்று.

ஆவல் நல்லது, ஆயினும் அது மட்டும் போதாது. காட்டுயிர்களைக் காணச் செல்வோரின் ஆவலே சில வேளைகளில் அவ்வுயிர்களுக்குத் தீங்காகிறது. தென்னாப்பிரிக்காவின் சில பண்ணைகளில் சிங்கக் குட்டிகளைப் பிறந்த சில நாள்களிலேயே தாயிடமிருந்து பிரித்துவிடுகின்றனர். வெளிநாட்டிலிருந்து வரும் இளைஞர்கள் பணம் செலுத்தி, அக்குட்டிகளுக்குப் பால் புகட்டி, மடியில் வைத்துப் படம் எடுத்துக்கொள்கின்றனர். ஆதரவற்ற குட்டிகளைக் காப்பாற்றுவதாக அவர்கள் மனமார நம்புகின்றனர். மனிதரிடம் பழகிய சிங்கம் காட்டில் தானாக வாழ வல்லதன்று. வளர்ந்தபின் அவற்றுள் பல, வேலியிட்ட நிலத்தில் வேட்டையாடுவோரின் துப்பாக்கிக்கு இரையாகின்றன. இங்கே தொண்டு செய்தவரின் நெஞ்சில் தீமை இல்லை. ஆனால், "இந்தக் குட்டியின் தாய் எங்கே? வளர்ந்தபின் இது எங்கே செல்லும்?" என்னும் இரண்டு வினாக்களை அவர் கேட்கத் தவறிவிட்டார். வினா எழாத இரக்கம் பிறருடைய வணிகத்துக்குக் கருவியாகிவிடும்.

இதற்கு நேர்மாறான பயணம் ஒன்று தமிழ்நாட்டிலிருந்து நடந்தது. அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில், வளர்ப்புக்காகக் கொண்டுவரப்பட்டுப் பின்னர் வெளியேறிய பர்மிய மலைப்பாம்புகள் எவர்கிளேட்ஸ் சதுப்புநிலத்தில் பெருகின. அங்குள்ள சிறு விலங்குகளை அவை பெருமளவில் விழுங்கி, இயற்கையின் சமநிலையைக் குலைத்தன. புல்லுக்குள் மறையும் அப்பாம்புகளைக் கண்டுபிடிப்பது அந்நாட்டினருக்கு அரிதாக இருந்தது. ஆகவே, 2017ஆம் ஆண்டின் தொடக்கத்தில் புளோரிடா பல்கலைக்கழகமும் அம்மாநில வனவுயிர்த் துறையும் இருளர் பழங்குடியைச் சேர்ந்த வடிவேல் கோபால், மாசி சடையன் ஆகிய இருவரையும் வரவழைத்தன. இரண்டு வாரங்களுக்குள் அவர்கள் 13 மலைப்பாம்புகளைப் பிடித்தனர். அவற்றுள் ஒன்று 16 அடி நீளமுள்ள பெண் பாம்பு. 2023இல் இந்திய அரசு அவ்விருவருக்கும் பத்மஸ்ரீ விருது வழங்கியது.

அவர்களின் பயணம் உணர்த்தும் உண்மை எளியது. அவர்கள் தாமாகச் சென்று உதவி செய்வதாகச் சொல்லவில்லை. அவ்விடத்தின் தேவை அவர்களை அழைத்தது. அழைக்கப்பட்டதற்குக் காரணம், செங்கல்பட்டு வட்டாரத்து வயல்வெளிகளில் தலைமுறை தலைமுறையாகக் கற்ற அறிவு. மண்ணில் பாம்பு ஊர்ந்த தடத்தையும், வளையின் வாயிலில் கிடக்கும் எச்சத்தையும் படிக்கத் தெரிந்தவர்களுக்கு அயல்நாட்டுச் சதுப்பும் படிக்கத்தக்க ஏடாயிற்று.

அந்த அறிவு அழியாமல் நின்றதற்கும் ஒரு பயணியின் பங்கு உண்டு. 1943இல் நியூயார்க்கில் பிறந்த ரோமுலஸ் விட்டேக்கர், 1951இல் குடும்பத்துடன் இந்தியாவுக்கு வந்தார். பாம்புகளை நேசித்த அச்சிறுவர் பின்னாளில் இந்தியக் குடிமகனாகி, சென்னையில் பாம்புப் பண்ணையையும், 1976இல் வடநெம்மேலியில் முதலைப் பண்ணையையும் நிறுவினார். 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தால் பாம்புத்தோல் வணிகம் முடிவுக்கு வந்தபோது, அதனை நம்பியிருந்த இருளர் பலர் வாழ்வாதாரம் இழந்தனர். அவர்களுக்காக 1978இல் இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் உருவாக அவர் துணைநின்றார். சங்கத்தினர் நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகியவற்றைப் பிடித்து, நஞ்சை எடுத்தபின் உயிருடன் மீண்டும் காட்டில் விடுகின்றனர். அந்நஞ்சிலிருந்து பாம்புக்கடிக்கு மருந்து செய்யப்படுகிறது. வந்த ஊரின் மக்களிடமே கற்றுக்கொண்டு, அவர்களுக்கே பயன்படும் செயலைச் செய்தவரை யாரும் அயலார் என எண்ணுவதில்லை.

தொண்டுக்கு ஆர்வத்துடன் பொறுமையும் ஒழுங்கும் தேவை. சென்னையில் 1988ஆம் ஆண்டு முதல் மாணவர்கள் நடத்திவரும் கடலாமைப் பாதுகாப்புப் பணி இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. பங்குனி ஆமைகள் முட்டையிடும் பருவத்தில், நீலாங்கரைக்கும் பெசன்ட் நகருக்கும் இடைப்பட்ட கடற்கரையில் தொண்டர்கள் இரவெல்லாம் நடக்கின்றனர். ஆமையின் தடத்தைக் கண்டு, மணலுக்கடியில் உள்ள முட்டைகளைக் கவனமாக எடுத்துப் பொரிப்பகத்தில் புதைக்கின்றனர். பொரிந்த குஞ்சுகள் ஒளி மிகுந்த திசையைக் கடல் எனக் கருதி நகர்வதால், நகரத்து விளக்குகள் அவற்றை ஏமாற்றுகின்றன. ஆகவே, கைவிளக்கைக்கூடத் தேவையின்றி ஒளிரவிடாமல் நடக்க வேண்டும். வார இறுதி இரவுகளில் பொதுமக்களும் உடன் நடக்கின்றனர். பல இரவுகளில் ஓர் ஆமைகூடக் கரையேறாது. காணாமல் திரும்பும் அந்த இரவும் தொண்டில் அடங்கும்.

ஸ்ரீ சிட்டியில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு இக்கருத்து நெருக்கமானது. பணி நிமித்தம் ஊர்விட்டு வந்த அக்குடும்பங்களும் ஒருவகையில் நெடும்பயணிகளே. "இது நம் ஊர் அன்று, இங்கே நமக்கு என்ன கடமை?" என்னும் எண்ணம் பிள்ளைகளின் மனத்தில் எழுவது இயல்பு. அதற்கு விடை அருகிலேயே இருக்கிறது. சிலிகா ஏரிக்கு அடுத்தபடியாக இந்தியாவின் பெரிய உவர்நீர் ஏரியான பழவேற்காடு, அண்மையில் பரந்து கிடக்கிறது. பூநாரைகள் அதன் ஆழமற்ற நீரில் இரை தேடுகின்றன. சூலூர்ப்பேட்டைக்கு அப்பால் உள்ள நேலப்பட்டுப் பறவைகள் காப்பகத்தில், நீரில் நிற்கும் மரங்களின்மேல் கூழைக்கடாக்கள் கூடு கட்டுகின்றன.

2022 அக்டோபரில், ஐந்து மாதமே நிரம்பிய பட்டைவால் மூக்கன் பறவை ஒன்று அலாஸ்காவிலிருந்து புறப்பட்டது. எங்கும் இறங்காமல் 11 நாள்களில் ஏறத்தாழ 13,560 கிலோமீட்டர் பறந்து, ஆஸ்திரேலியாவின் தாஸ்மேனியாவை அடைந்தது. புறப்படுமுன் அலாஸ்காவின் சேற்றுநிலத்தில் தின்று சேர்த்த கொழுப்பே அதன் கட்டுச்சோறு. அந்தச் சேற்றுநிலம் அழிந்திருந்தால் தாஸ்மேனியாவின் வானில் அப்பறவை தோன்றியிராது. ஓரிடத்து நீர்நிலையைக் காப்பவர், தாம் காணாத மற்றொரு நாட்டின் பறவையையும் காக்கிறார். பழவேற்காட்டின் கரையில் நெகிழிக் குப்பையை அகற்றும் சிறுவரும் ஒருவகையில் உலகத் தொண்டரே.

விருந்தோம்பும் ஊர் எவ்வாறு இருக்க வேண்டும் என்பதை வேடந்தாங்கல் காட்டியது. அங்கே பறவைகள் வெள்ளையரால் சுடப்பட்டபோது ஊர்மக்கள் ஆட்சியரிடம் முறையிட்டு, 1798இல் பாதுகாப்பு உரிமை பெற்றனர். பறவைகளின் எச்சம் கலந்த ஏரிநீர் வயலுக்கு உரமானதை அவர்கள் அறிந்திருந்தனர். விருந்தினரான பறவையும் ஊரும் ஒன்றுக்கொன்று உதவின. மனிதப் பயணிக்கும் ஊருக்கும் இடையே இத்தகைய உறவே அமைய வேண்டும்.

இதனைத் தொடங்கப் பெரும்பொருள் வேண்டியதில்லை. 2015 முதல் பொங்கல் நாள்களில் தமிழ்நாட்டில் பறவைகள் கணக்கெடுப்பு நடைபெறுகிறது. கால்மணி நேரம் ஓரிடத்தில் நின்று, கண்ட பறவைகளையும் அவற்றின் எண்ணிக்கையையும் பதிவு செய்தாலே போதும். பொங்கலுக்குச் சொந்த ஊர் செல்லும் குடும்பம் அங்கே கணக்கெடுக்கலாம். திரும்பி வந்தபின் ஸ்ரீ சிட்டியைச் சுற்றியுள்ள ஏரிகளிலும் பார்த்துப் பதிவு செய்யலாம். இரண்டு ஊர்களையும் அறிந்த பிள்ளைகளுக்கே ஒப்பிட்டுப் பார்க்கும் வாய்ப்பு மிகுதி.

நெடும்பயணத்தால் பள்ளிப்படிப்பு தடைப்படும் என்னும் அச்சத்தில் உண்மை உண்டு. நண்பரையும் வகுப்பையும் பிரியும் பிள்ளைகளின் இழப்பைப் பெற்றோர் எளிதாக எண்ணலாகாது. ஆகவே, எல்லாக் குடும்பங்களும் உலகைச் சுற்ற வேண்டும் என்பது அறிவுரையாகாது. செல்ல இயன்றவர் செல்லட்டும். ஆனால் அவ்விடத்தின் தேவையை முதலில் கேட்டறிந்து செல்லட்டும். செல்ல இயலாதவர் வருந்த வேண்டியதில்லை. உலகின் ஒரு பகுதி ஒவ்வோர் ஆண்டும் சிறகு விரித்து அவர்களின் ஊருக்கே வருகிறது. அதனைக் கண்டு, பெயர் அறிந்து, அதன் நீர்நிலையைக் காத்தால் வந்த ஊரும் சொந்த ஊராகும்.

சிந்தித்து எழுதுக

1. சிங்கக் குட்டிகளை வளர்க்கச் சென்றோரின் செயலையும் இருளர் இருவரின் செயலையும் ஒப்பிட்டு எழுதுக.
2. "காணாமல் திரும்பும் அந்த இரவும் தொண்டில் அடங்கும்" – இக்கருத்தை விளக்குக.
3. நீங்கள் வாழும் பகுதியின் நீர்நிலை ஒன்றுக்குச் சென்று, அங்குக் கண்ட பறவைகளையும், அந்நீர்நிலைக்குத் தேவையான ஓர் உதவியையும் பற்றிப் பத்து வரிகள் எழுதுக.