எள்ளளவு ஈயம்

அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில் மான் வேட்டைக்கான தோட்டாவைத் தானே தயாரித்துக்கொள்ளும் ஒரு கூட்டம் உண்டு. கராஜில் ஒரு மேசை, அதில் முடுக்கிய பிரஸ், பக்கத்தில் தராசு. சுட்டு முடிந்த பித்தளைக் கூட்டைத் துடைத்து, அளவுக்குத் திருத்தி, புது பிரைமர் வைத்து, மருந்து அளந்து போட்டு, கடைசியில் குண்டைப் பொருத்துவார்கள். மருந்தைப் பத்தில் ஒரு கிரெய்ன் வரை அளக்கிறார்கள். அதாவது ஆறரை மில்லிகிராம். ரெண்டு எள்ளு எடை.

இந்தப் பொறுமை மேல் எனக்கு மரியாதை உண்டு. (பிரியாணிக் கடை வரிசையில் நின்றபடி வேட்டைக்காரனைத் திட்டுகிறவர்கள் இதைத் தாண்டிப் போகலாம். என் சண்டை வேற.) என் கேள்வி இதுதான்: எள்ளளவு மருந்துக்கு இத்தனை மெனக்கெடுகிற ஆள், குண்டு என்று வரும்போது மட்டும் ஏன் இன்னும் ஈயத்தையே எடுக்கிறார்? கடையில் கிடைத்ததை வாங்கினேன் என்று சொல்லவும் அவருக்கு வழியில்லையே.

வழக்கமான வேட்டைக் குண்டு, செம்பு உறைக்குள் ஈயம். உடலில் பட்டதும் காளான் மாதிரி விரியணும், அதற்குத்தான் மெத்தென்ற ஈயம். ஆனால் ரைபிள் வேகத்தில் அது விரிவதோடு நிற்பதில்லை, சிதறுகிறது. எக்ஸ்ரே எடுத்தால் காயத்தைச் சுற்றி வெள்ளைப் பொட்டுகள். ஒரு ஜாண் தள்ளிக்கூட. பல துகள்கள் கண்ணுக்கே தெரியாத அளவு. "காயம்பட்ட கறியை வெட்டி எறிஞ்சிட்டேன்" என்பது வெறும் சமாதானம்.

சிதறல் வேட்டைக்கே கேடு என்பதும் பழைய விஷயம். 1946-இல் கனடாவில் மூஸ் மான் ஒன்றிடம் தன் குண்டுகள் தோற்றதைப் பார்த்துத்தான் ஜான் நாஸ்லர், ஈயத்துக்கு நடுவே செம்புத் தடுப்பு வைத்த குண்டைச் செய்தார். அதிலும் முன்பாதி ஈயம் சிதறும். 1980களில் பார்ன்ஸ் முழுச் செம்பில் குண்டு கொண்டுவந்தது. அது இதழ் இதழாக விரியும்; எடையை அநேகமாக இழக்காது. நம்ம கடமானை விடப் பெரிய எல்க்கின் தோள் எலும்பைத் தாண்டி உள்ளே போக இதைவிட என்ன வேணும்?

செம்பு லேசு என்பார்கள். உண்மைதான். அதே எடைக்குக் குண்டு நீளமாகும், கூட்டுக்குள் இடத்தைத் தின்னும். 180 கிரெய்ன் ஈயக் குண்டு போட்ட இடத்தில் 165 கிரெய்ன் செம்பு போடுங்கள், அந்தக் குண்டுக்கென்று அச்சிட்ட மருந்து அளவைப் புதிதாகப் பாருங்கள். இந்த வேலைக்குத்தானே மேசை போட்டிருக்கிறீர்கள்? வேகம் குறைந்தால் செம்பு சரியாக விரியாது, 600 கஜத்தில் நம்ப முடியாது என்பார்கள். அப்போ கிட்டப் போங்க சார். அவ்வளவு தூரத்தில் குண்டு போய்ச் சேர்வதற்குள் மான் ஓரடி எடுத்து வைத்துவிடும். விலையா? மானை நோக்கி ஒரு சீசனில் எத்தனை சுடுகிறீர்கள், ஒன்றா ரெண்டா?

சுட்ட இடத்திலேயே குடலை எடுத்துப் போட்டுவிட்டு வருவது அங்கே வழக்கம். அதைத் தின்பது கழுகும் காண்டாரும். 1987-இல் உலகத்தில் மிச்சமிருந்த கலிபோர்னியா காண்டார்கள் 27, எல்லாம் கூண்டில். பெருக்கி மறுபடி பறக்க விட்ட பிறகும் அவற்றை அதிகம் கொல்வது ஈய விஷம். கலிபோர்னியா 2019 ஜூலை முதல் வேட்டையில் ஈயத்தை முழுக்கத் தடை செய்தது. சட்டம் என்றால் கசக்கிறதா, அரிசோனாவைப் பாருங்கள்: தடை இல்லை, காண்டார் பகுதி வேட்டைக்காரர்களுக்கு ஈயமில்லாத தோட்டா இலவசம், பெரும்பாலோர் தாங்களாகவே மாறினார்கள்.

பறவைக்காக மனசு இளகாதவர்களுக்கு இன்னொன்று. வடக்கு டகோட்டாவில் வேட்டைக்காரர்கள் ஏழைகளுக்கான உணவு வங்கிகளுக்கு மான்கறி கொடுப்பது வழக்கம், அரைத்து, பொட்டலம் கட்டி. 2008-இல் அதை ஸ்கேன் செய்து பார்த்தபோது ஈயத் துகள்கள். அந்தக் கறியை யாருக்கும் கொடுக்க வேண்டாம் என்று மாநிலச் சுகாதாரத் துறை சொன்னது. கொடுத்தவர்களில் ரெண்டு எள்ளு எடைக்கு மருந்து அளந்தவர்களும் இருந்திருப்பார்கள்.