கொல்லையில் ஒரு செடி: கூலிக்காரனுக்குப் பத்து வருஷமா?

குற்றாலத்தில் சாரல் விழ ஆரம்பித்துவிட்டால் தென்காசி, செங்கோட்டை வட்டாரமெங்கும் பச்சை பிடித்துவிடும். இந்த மண்ணில் எதைப் போட்டாலும் முளைக்கும். ஆனால் ஒரு செடி மட்டும் முளைக்கக் கூடாது என்கிறது சட்டம். அதுதான் கஞ்சாச் செடி.

1985 நவம்பர் 14 முதல் போதைப் பொருள் தடுப்புச் சட்டம் அமலில் இருக்கிறது. சர்க்கார் லைசென்ஸ் இல்லாமல் கஞ்சாச் செடி வளர்ப்பது குற்றம். ஒரு செடிதானே, வீட்டு மருந்துக்குத்தானே என்ற பேச்சுக்கெல்லாம் அங்கே இடமில்லை. பசுந்தாளுரமாக வயலில் விதைக்கிறோமே, அந்தச் சணப்பு வேறு செடி, அதற்குத் தடையில்லை.

தண்டனையைப் பாருங்கள். ஒரு கிலோ வரை கஞ்சா வைத்திருந்தவனுக்கு அதிகபட்சம் 1 வருஷச் சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். செடி வளர்த்தவனுக்கோ 10 வருஷம் வரை கடுங்காவல், 1 லட்சம் ரூபாய் வரை அபராதம். ஒரு செடியா, ஓர் ஏக்கரா என்று சட்டம் எண்ணிப் பார்க்கவில்லை. 1985ல் இது 5 வருஷமாக இருந்தது. 2001ல் சட்டத்தைத் திருத்தியபோது, கையில் வைத்திருப்பவனுக்கு அளவு பார்த்துத் தண்டனை வகுத்தார்கள். வளர்த்தவனுக்கு மட்டும் அளவு பார்க்காமலே இரட்டிப்பாக்கினார்கள். இது என்ன நியாயம்?

இதில் சிக்குகிறவன் யார்? தோப்புக்குச் சொந்தக்காரன் பட்டணத்தில் இருப்பான். தண்ணீர் பாய்ச்சுகிறவனும் காவல் கிடக்கிறவனும் கூலிக்காரன். ஒருவன் பயிர் செய்த நிலத்தில் செடி நின்றால், அவன்தான் குற்றவாளி என்று கோர்ட்டு ஊகித்துக்கொள்ளலாம் என்கிறது 54வது பிரிவு. இல்லை என்று நிரூபிப்பது அவன் பொறுப்பு. வாரக்கூலியை நம்பி வாழ்கிறவன் எந்த வக்கீலைத் தேடிப் போவான்?

பணம் போட்டவனுக்கும் சட்டத்தில் பிரிவு இல்லாமலில்லை. கஞ்சா சாகுபடிக்குப் பணம் கொடுப்பவனுக்கு 10 முதல் 20 வருஷம் வரை சிறை என்கிறது 27ஏ பிரிவு. அந்தப் பிரிவு முதலாளியின் வாசற்படி ஏறட்டும் என்கிறோம்.

வெள்ளைக்கார சர்க்கார் கஞ்சாவைக் கடை வைத்து விற்க விட்டு, வரி வாங்கித் தின்றது. 1893ல் அது அமைத்த கமிஷன் 1,193 சாட்சிகளை விசாரித்தது. அடியோடு தடுக்க வேண்டாம், லைசென்ஸும் வரியும் போதும் என்றது. பிறகு 1961ல் வந்த சர்வதேச ஒப்பந்தத்தில் இந்தியாவும் சேர்ந்தது. அதன் வழியில்தான் 1985 சட்டம் பிறந்தது. இன்று உலகம் வேறு கணக்குப் போடுகிறது. கனடா 2018ல் ஒரு வீட்டுக்கு 4 செடி என்றும், ஜெர்மனி 2024ல் வயது வந்த ஒருவருக்கு 3 செடி என்றும் எல்லை வகுத்தன.

அதையே இங்கும் கொண்டுவா என்று நாம் கேட்கவில்லை. கஞ்சாவுக்கு வக்காலத்து வாங்குவது நம் வேலையுமல்ல. ஆலைத் தொழிலாளியின் கூலியைக் குடி பாதி தின்கிறது. மீதியைக் கஞ்சா தின்ன விடலாமா? பள்ளிப் பிள்ளைகளின் கைக்கு அது போக விடலாமா? கூடாது. ஆனால் கொல்லையில் ஒரு செடி வைத்த ஏழையையும், மலைச்சரிவில் தோட்டம் போட்டு லாரியில் ஏற்றும் வியாபாரியையும் ஒரே தராசில் நிறுத்தக் கூடாது. கையிருப்புக்கு அளவு உண்டென்றால் செடிக்கும் எண்ணிக்கை வேண்டும். அதன்படி தண்டனை வேண்டும். இதுவே நம் கோரிக்கை.

சட்டம் மாறும்வரை தொழிலாளித் தோழர்கள் விழிப்பாக இருக்க வேண்டும். ‘மூலிகை’ என்று எவனாவது விதை கொடுத்தால் வாங்காதீர்கள். கூலி கூடத் தருகிறேன் என்றாலும் அந்தப் பாத்திக்குத் தண்ணீர் விடாதீர்கள். உங்கள் சொந்த நிலத்தில் எவனோ வைத்த செடியைக் கண்டால் உடனே போலீசுக்குச் சொல்லுங்கள்; தெரிந்தும் சொல்லாத நிலக்காரனுக்கும் தண்டனை உண்டு. யாரையேனும் பிடித்துவிட்டால் முடங்கிவிடாதீர்கள். காவலில் இருப்பவருக்கு இலவசச் சட்ட உதவி பெறும் உரிமை உண்டு. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவிடம் கேளுங்கள்; தனியாகப் போகாமல் நாலு பேராகச் சேர்ந்து போய்க் கேளுங்கள்!