வண்டியின் விலை வேறு, கடனின் விலை வேறு

நிவித்திகலையைச் சூழ்ந்த தேயிலை, இறப்பர்த் தோட்டங்களில் வாழும் குடும்பங்களுக்கு முச்சக்கர வண்டி ஆடம்பரப் பொருளன்று. நள்ளிரவில் பிரசவ வேதனையுற்ற பெண்ணை வைத்தியசாலைக்குக் கொண்டு செல்வதும் அதுவே. வேலையற்ற வாலிபனுக்குப் பிழைப்பளிப்பதும் அதுவே. ஆதலின், தந்தை இளைப்பாறும்போது பெற்ற சேமலாப நிதி மகனுடைய வண்டிக்கு முற்பணமாகின்றது. ஓர் ஆயுட்கால உழைப்பு ஒரே கையொப்பத்துடன் கைமாறுகின்றது. அக்கையொப்பத்துக்கு முன் சிந்திக்க வேண்டியவை சில உள.

விற்பனை நிலையத்தில் முதலில் எழும் வினா, “மாதம் எவ்வளவு கட்டுவீர்கள்?” என்பதே. பரிவான வினாத்தான், ஆயினும் பொறி அதிலேயே இருக்கின்றது. வருடங்களைக் கூட்டிவிட்டால் மாதத் தவணையை எவ்வளவும் குறைத்துக் காட்டலாம் அன்றோ! வண்டி விற்பது ஒரு வியாபாரம். கடன் கொடுப்பது மற்றொரு வியாபாரம். கடனாளியைக் கொண்டுவந்து சேர்ப்பதற்காக விற்பனையாளருக்கு நிதி நிறுவனம் தரகு கொடுப்பதும் உண்டு. ஆகவே, வண்டியின் ரொக்க விலையை முதலில் எழுத்திற் பெறுங்கள். அதன் பின் வங்கியொன்றிலும், வேறு நிறுவனங்கள் இரண்டிலும் கடன் நிபந்தனைகளை விசாரியுங்கள்.

வட்டிக் கணக்கு ஒன்றைப் பார்ப்போம். பத்து இலட்சம் ரூபா கடன். நான்கு வருடத் தவணை. வட்டி நூற்றுக்கு 12 என்கின்றனர். முழுத் தொகைக்கும் நான்கு வருட வட்டி 480,000 ரூபா. கட்ட வேண்டியது 1,480,000. மாதம் ஏறக்குறைய 30,833 ரூபா. ஆனால், மாதந்தோறும் முதல் குறைந்துகொண்டே வருகின்றது. வட்டியோ குறையாத முதலுக்கே அறவிடப்படுகின்றது. உண்மையில் நம்மிடம் எஞ்சியுள்ள கடனுக்குக் கணக்கிட்டால், அவ்வட்டி வருடத்துக்கு நூற்றுக்கு 21 வரை வந்துவிடும். எனவே, “குறைந்து செல்லும் மீதிக்கு வட்டி எவ்வளவு?” என்று கேளுங்கள். காப்புறுதியும் பத்திரச் செலவும் கடனோடு சேர்க்கப்பட்டால் அவற்றுக்கும் வட்டி உண்டு என்பதை மறவாதீர்கள். தவணைக்கு முன்பே கடனைத் தீர்த்தால் கழிவு எவ்வாறு கணிக்கப்படும் என்பதையும் கேட்டறியுங்கள்.

‘லீசிங்’ என்பதன் பொருளே குத்தகை. 2000ஆம் ஆண்டின் 56ஆம் இலக்க நிதிக் குத்தகைச் சட்டம் இத்தகைய ஒப்பந்தங்களுக்காக ஏற்பட்டதே. கடைசித் தவணை கட்டி முடியும்வரை வண்டி நம் வாசலில் நின்றாலும் உரிமை நிறுவனத்துடையது. பிணை நிற்கும் அயலவரும் கடனில் அகப்பட்டவரே. நண்பர்தானே என்று கையொப்பமிடுபவர், தம் வீட்டு அடுப்பையும் பணயம் வைக்கின்றார்.

வெற்றுப் படிவத்தில் ஒருபோதும் கையொப்பமிடாதீர்கள். புரியாத மொழியில் உள்ள பத்திரத்தைத் தமிழில் விளக்குமாறு கேளுங்கள், கேட்பதில் வெட்கமில்லை. பத்திரத்தின் பிரதியைக் கையோடு பெற்று வீட்டிற் பத்திரப்படுத்துங்கள். நிதி நுகர்வோர் பாதுகாப்புக்கென மத்திய வங்கி 2023ஆம் ஆண்டில் ஒழுங்குவிதிகளை வெளியிட்டுள்ளது. குறையேற்பட்டால் முதலில் நிறுவனத்துக்கு எழுத்தில் முறையிடுங்கள். தீராவிடில் மத்திய வங்கியின் 1935 என்னும் தொலைபேசி இலக்கத்தை நாடலாம்.

இறுதியாக ஒன்று. மழை விடாது பெய்தால் இறப்பர்ப் பால்வெட்டு நின்றுவிடும், தவணை நிற்காது. ஆதலின், நல்ல மாதத்து வருமானத்தைக் கொண்டன்று, மழை மாதத்து வருமானத்தைக் கொண்டே தவணையை நிர்ணயம் செய்யுங்கள். அக்கணக்கை விற்பனையாளர் போட்டுத் தரமாட்டார். கணவனும் மனைவியும் பிள்ளைகளும் வீட்டில் அமர்ந்து, பென்சிலும் தாளுமாகப் போட வேண்டிய கணக்கு அது.