தத்துவம் படித்தால் என்ன கெட்டுப்போகும்?

பிளஸ் டூ ரிசல்ட் வந்த வாரத்தில் தி. நகரிலோ மயிலாப்பூரிலோ ஒரு பிள்ளை "பி.ஏ. தத்துவம் சேரப்போறேன்" என்று சொல்லிப் பார்க்கட்டும். அப்பா வாய் திறக்க மாட்டார். சித்தப்பா திறப்பார். "அது சோறு போடுமாடா?" போடாது என்று அவரே தீர்ப்பும் சொல்லிவிட்டு, "ரிட்டயர் ஆனப்புறம் படிச்சுக்கலாம்" என்பார். பாட்டி வேறு பக்கத்திலிருந்து வருவாள்: "அதுக்கு எதுக்குக் காலேஜ்? சபாவுல தினம் உபன்யாசம் நடக்கறதே." பகுத்தறிவு பேசும் குடும்ப நண்பரோ, தத்துவம் என்பதே வேதாந்தத்துக்கு மாட்டிய முகமூடி என்பார். நான்கு பேச்சும் ஒன்றோடொன்று ஒட்டாதவை. முடிவு மட்டும் ஒன்று: சேராதே.

இதற்குத் தத்துவத்தின் தரப்பிலிருந்து வழக்கமாக நீட்டப்படும் பதில், ராதாகிருஷ்ணன். சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் தத்துவம் படித்தார். 1909இல் மாநிலக் கல்லூரியில் அதையே கற்பிக்கப் போனார். 1936இல் ஆக்ஸ்ஃபோர்டில் பேராசிரியர். 1962இல் குடியரசுத் தலைவர். மயிலாப்பூரில் அவர் வீடு இருந்த எட்வர்ட் எலியட்ஸ் சாலைக்கு இன்று அவர் பெயர்தான். இந்தப் பதிலை நானே முதலில் தள்ளிவிடுகிறேன். ரஜினிகாந்த் பெங்களூரில் கண்டக்டராக இருந்தார் என்பதற்காக, நடிக்க ஆசைப்படுகிறவர்கள் டிக்கெட் கிழிக்கப் போவதில்லை. ஒருவர் உச்சிக்குப் போனது பாடத்துக்குச் சாட்சியாகாது.

அதே கண்டிப்போடு சித்தப்பாவிடமும் வருவோம். அவர் வாதம் இவ்வளவுதான்: தத்துவம் படித்தால் வேலை கிடைக்காது, எதிர்வீட்டுப் பையன் படித்துவிட்டுச் சும்மா இருக்கிறான். மணிமேகலையின் 29ஆம் காதையில் அறவண அடிகள் இந்த மாதிரிப் பேச்சை உறுப்பு உறுப்பாகக் கழற்றிப் பார்க்கக் கற்றுக்கொடுக்கிறார். நிறுவ வேண்டியது பக்கம்; அதற்கான காரணம் ஏது; எடுத்துக்காட்டு திட்டாந்தம். மலையில் நெருப்பு உண்டு, புகை தெரிகிறது, சமையலறையில் பார்க்கவில்லையா? இது தேறும். ஏனென்றால் புகை உள்ள இடத்திலெல்லாம் நெருப்பும் உண்டு. நெருப்பே இல்லாத குளத்தில் புகையும் இல்லை. சித்தப்பாவின் ஏது இந்தச் சோதனையில் முதல் அடியிலேயே விழுகிறது. தத்துவம் படித்து வேலையில் இருக்கும் ஒருவரைக் காட்டினாலே போதும். தத்துவத்தின் பக்கமே போகாமல் பி.இ. முடித்துவிட்டு, பாண்டி பஜாரில் சாப்பாட்டுப் பையோடு பைக்கில் சுற்றுகிறவர்களை அவர் எந்தக் கணக்கில் வைப்பார்?

"எல்லாருக்கும் இல்லப்பா, பெரும்பாலும் கிடைக்காது" என்று திருத்திக்கொள்வார். நியாயம்தான். தத்துவத் துறையைத் தேடிக் கேம்பஸ் இண்டர்வியூ வராது. பள்ளிகளில் பாடமாக இல்லாததால் வாத்தியார் வேலையும் குறைவு. இதை மறைப்பதில் அர்த்தமில்லை. ஆனால் குரூப் 1 தேர்வுக்கும் வங்கி அதிகாரி தேர்வுக்கும் ஏதாவதொரு பட்டம் போதும். மூன்றாண்டுச் சட்டப் படிப்புக்கும் அப்படியே. பி.ஏ. வரலாறு படித்தவர் நிற்கும் வரிசையில்தான் இவரும் நிற்கிறார். குடிமைப் பணி முதன்மைத் தேர்வில் தத்துவம் 500 மதிப்பெண்ணுக்கான விருப்பப் பாடம். 2013 முதல் அறவியலுக்கென்று 250 மதிப்பெண்ணில் தனித்தாளே உண்டு. கோச்சிங் சென்டரில் சில மாதம் படித்து அதை எழுதிவிடலாம் என்பீர்கள். எழுதலாம். பாடத்துக்குப் பயனே இல்லை என்ற பேச்சு அதோடு போயிற்று.

ரிட்டயர்மெண்ட் வாதத்துக்கு அதிகம் பேச வேண்டாம். யாருக்கு ஓட்டு, யாரோடு கல்யாணம், எந்தச் சாமி, எவ்வளவு கடன் என்பதையெல்லாம் மனிதர்கள் அறுபதில் முடிவு செய்வதில்லை.

பாட்டி சொல்வதுதான் கனமானது. மயிலாப்பூர்க்காரர்களுக்குத் தத்துவம் காதில் விழுந்துகொண்டே இருக்கிறது. ராமகிருஷ்ண மடம் இருக்கிறது, கிழக்கு மாட வீதியில் பாரதிய வித்யா பவன் இருக்கிறது. ஆற்றைத் தாண்டினால் அடையாறில் 1886இல் ஆல்காட் தொடங்கிய நூலகம். இந்தக் கரையில் கிரீன்வேஸ் சாலையில் வசந்த விஹார். ஜே. கிருஷ்ணமூர்த்தி தம் கடைசிப் பொதுச் சொற்பொழிவை 1986 ஜனவரியில் நிகழ்த்தியது அங்கேதான். அவரிடம் எந்தப் பட்டமும் இல்லை. பிறகு பல்கலைக்கழகம் எதற்கு?

சபாவில் கேள்வியும் பேசுகிறவருடையது, பதிலும் அவருடையது. கேட்கிறவர் தலையாட்டலாம், கண்ணீர் விடலாம், நல்ல காபி குடிக்கலாம். குறுக்கே எழுந்து "நீங்கள் சொன்ன காரணம் போதாது" என்று சொல்ல முடியாது. சொன்னால் மரியாதை தெரியாதவன் ஆகிவிடுவான். ஆனால் அங்கே போற்றப்படும் ஆசாரியர்கள் அப்படி எழுதவில்லை. ஸ்ரீபாஷ்யத்தின் தொடக்கத்தில் ராமானுஜர், தாம் மறுக்கப்போகும் அத்வைதியின் கட்சியை விரிவாக, வலுவாக எடுத்துவைக்கிறார். அந்தப் பகுதிக்கு மகாபூர்வபக்ஷம் என்றே பெயர். வைணவ உபன்யாசத்துக்குப் போகிறவர் ராமானுஜரின் முடிவைக் கேட்டுவிட்டு வீடு திரும்புவார். அத்வைத உபன்யாசத்துக்குப் போகிறவர் சங்கரரின் முடிவோடு திரும்புவார். நெற்றியில் நாமம் இட்ட மாணவனும் சங்கரரின் வாதத்தை ஒழுங்காக எழுதினால்தான் மார்க் என்ற நிலை வகுப்பில் மட்டுமே உண்டு. யாரையும் அதிகாரமாக ஏற்காதே என்றவர் கிருஷ்ணமூர்த்தி. அவர் பேச்சையே சோதித்துப் பார்க்க ஓர் இடம் வேண்டாமா?

வேதாந்த முகமூடி என்ற குற்றச்சாட்டில் பாதி உண்மை. சென்னைப் பல்கலைக்கழகத்தில் 1964இல் டி.எம்.பி. மகாதேவன் தலைமையில் உருவான தத்துவ உயராய்வு மையம் அத்வைதத்துக்குக் கொடுத்த இடம் பெரிது. ஆனால் ஊரின் தத்துவக் கணக்கு அதோடு முடியவில்லை. 1880களிலேயே இங்கே நாத்திகர்கள் 'தத்துவ விவேசினி' என்று தமிழில் வார இதழ் நடத்தினார்கள். 1907இல் ராயப்பேட்டையிலிருந்து அயோத்திதாசர் 'ஒரு பைசாத் தமிழன்' தொடங்கினார். அதே ஆண்டு லட்சுமி நரசு பௌத்தம் பற்றி ஆங்கிலத்தில் எழுதிய நூலை 1948இல் மறுபதிப்பாகக் கொண்டுவந்தவர் அம்பேத்கர். சமணத் தர்க்க நூலான நீலகேசியை 1936இல் பதிப்பித்த அ. சக்கரவர்த்தி தத்துவப் பேராசிரியர். பகுத்தறிவு பேசுகிறவர்கள் இந்தத் துறையை விட்டு விலகினால், அவர்கள் பயப்படும் தரப்பு ஆளில்லாத வீட்டில் தனியாகக் குடியிருக்கும், அவ்வளவுதான்.

யாரும் சொல்லாத குறை ஒன்று உண்டு; எனக்கு உறுத்துவது அதுதான். பல கல்லூரிகளில் வேறு சீட் கிடைக்காதவர்களே இந்தப் பாடத்துக்கு வருகிறார்கள், நோட்ஸை உருப்போட்டு, பிளேட்டோவுக்கு ஐந்து பாயிண்ட், சங்கரருக்கு ஆறு பாயிண்ட் என்று எழுதிவிட்டுப் போகிறார்கள். இப்படிப் படிப்பதற்குச் சபாவே மேல் என்று பாட்டி சொன்னால் என்னிடம் பதில் இல்லை. எழுத்துத் தேர்வோடு ஒரு வாய்மொழித் தேர்வும் வைக்கட்டும். தான் ஏற்காத கட்சிக்காக மாணவன் பத்து நிமிடம் வாதாட வேண்டும், எதிரே இருப்பவர் குறுக்குக் கேள்வி கேட்க வேண்டும். நோட்ஸ் ஜெராக்ஸ் போடும் கடைக்காரர் வருத்தப்படுவார்.